இடியாப்பக்காரி ஒத்துக்கொள்ளவில்லை

மந்தாரக்குப்பத்துச் செங்கமலத்தின் முகத்தைத் தெரியாதவர்கள் பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பில் நிறையப் பேர் இருப்பார்கள். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய எக்ஸெல் வண்டி பிளாக்குக்குள் நுழையும். பின்னால் பெரிய எவர்சில்வர் டப்பா, பக்கத்தில் தேங்காய்ப்பால் தூக்கு, ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கர்தான் சின்னது.

"இடியாப்பம்... சூடான இடியாப்பம்... தேங்காப்பாலு இருக்குது, துருவின தேங்கா இருக்குது... ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு போறவங்க எழுந்துக்குங்க, பஸ்சு வரப்போவுது... இடியாப்பம்..."

பஸ் வரப்போகும் செய்தியைச் சேர்க்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாகவே சேர்த்தாள். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம். அவள் இதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது புருஷன் கொளஞ்சிநாதன் அந்தப் பக்கம் வந்துவிட்டார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, முதல் ஷிஃப்ட் அவசரம். அதனால் பஸ் சேதிக்கு அடுத்தபடியாக, "ஏமே, என் சட்ட எங்க வெச்ச?" என்று ஓர் ஆண் குரலும், "மூஞ்சிக்கு நேரா தொங்குது பாரு!" என்று ஒரு பதிலும் தினமும் பிளாக் பூராவும் ஒலிபரப்பாகும். அழிக்கத் தெரியாமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பது கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. சில வீடுகளில் சட்டை வரி வந்தால்தான் குக்கரை அடுப்பில் ஏற்றினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பாலகுமாருக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தது.

பாலகுமார் இருபத்தோராம் பிளாக்வாசி. சுரங்கத்தில் பெர்மனென்ட் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக ஷிஃப்டிலேயே உழன்றவர். ட்ரெயினிங் பிரிவில் யாரோ ஒருவர் நீண்ட லீவில் போக, அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். காலையில் நிதானமாகப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் உத்தியோகம். மனிதர் அன்றைக்கே ஆள் மாறிவிட்டார். இங்கிலீஷ் பேப்பர் போடச் சொன்னார். வாக்கிங் போக ஷூ வாங்கினார். வாக்கிங் போனாரா என்று கேட்டால், ஷூ வாசலில் இருந்தது. "ஷிஃப்டெல்லாம் இனிமே நமக்கு இல்லப்பா" என்று பால்காரரிடம்கூடச் சொன்னார். பால்காரர் கேட்கவே இல்லை.

ஜெனரல் ஷிஃப்ட்காரருக்கு விடியற்காலைத் தூக்கம் புதுச்சொத்து. அதில் வந்து விழுந்தது செங்கமலத்தின் குரல். இத்தனை வருஷம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவரே எழுந்து ஓடினார் என்பதை அவர் மறந்துவிட்டார். பெண்டாட்டி சங்கீதா மறக்கவில்லை. "அந்தம்மா வரலன்னா நீங்க பாதி நாள் லீவுதான் போட்டிருப்பீங்க" என்றாள். பாலகுமார் காதில் வாங்காமல் மேசை முன் உட்கார்ந்து புகார் எழுத ஆரம்பித்தார். 'பொதுமக்கள் சார்பாக' என்று தொடங்கி, நோயாளிகள், முதியோர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று தம் வீட்டில் இல்லாதவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளே ஏட்டு குழந்தைவேல் வந்தார். வந்தவர் முதலில் எப்போதும் போலப் பார்சல் வாங்கிக்கொண்டார். பிறகுதான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"யக்கா, தப்பா நெனச்சுக்காத. கம்ப்ளெயிண்ட்டு எழுத்துல வந்துட்டுது. பொதுத்தொல்லைன்னு ஒரு பெட்டி கேஸு, சின்னதுதான். ஸ்பீக்கர எடுத்துக்கினு போவணும்."

"பொதுத்தொல்லையா? யாருக்குய்யா தொல்ல?"

"பொதுமக்களுக்கு."

"நீங்க யாரு? நீங்களும் பொதுமக்கள்ல சேத்தியா இல்லியா? ஒங்களுக்குத் தொல்லையா?"

ஏட்டு பார்சலைப் பார்த்தார். "கோர்ட்டுக்குப் போ, ஒத்துக்கினேன்னு ஒரு வார்த்த சொல்லு. ஃபைனு கட்டு, வந்துடு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஸ்பீக்கரு?"

"அது வராதுக்கா. ஒத்துக்கினா கோர்ட்டே எடுத்துக்கும். அப்புறம் இதே மாதிரி சத்தம் போட்டுக்கினு பிளாக்குக்குள்ள சுத்தினா, ரெண்டாவது கேஸு. அப்ப வியாபாரமே பண்ண வுடமாட்டாங்க. கேஸு முடியற வரைக்கும் வாயால கூவறதும் வேணாம்."

டீ ஆறுகிற சமாசாரம் அல்ல இது என்று செங்கமலத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒத்துக்கொண்டால் இந்த டவுன்ஷிப்பில் அவள் குரலுக்கு இனி இடமில்லை. குரல் இல்லாத இடியாப்பக்காரியை யார் தேடிக்கொண்டு வருவார்கள்?

யாரும் வரவில்லை என்பது அந்த வாரமே தெரிந்தது. சத்தமில்லாமல் வண்டி வந்தது, சத்தமில்லாமல் திரும்பியது. டப்பா முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு சேர்ந்தது. கொளஞ்சிநாதன் காலையில் இடியாப்பம் தின்றார், சுரங்கத்துக்கு இடியாப்பம் கட்டிக்கொண்டு போனார், ராத்திரி தட்டில் மறுபடியும் அதையே பார்த்தார். உதிர்த்துத் தாளித்தாள், சர்க்கரை போட்டாள், முட்டை ஊற்றிக் கிளறினாள். எந்த வேஷம் போட்டாலும் அவருக்கு ஆளைத் தெரிந்தது.

"ஒத்துக்கினு வந்துடு மே," என்றார் கெஞ்சலாக. "ஊர்ல எல்லாரும் ஒத்துக்கறாங்க. குடிச்சவன் ஒத்துக்கறான், சீட்டாடனவன் ஒத்துக்கறான். ஒனக்கு மட்டும் இன்னா?"

"அவன் குடிச்சான், அவன் ஆடனான், ஒத்துக்கறான். நான் இன்னா பண்ணேன்? ஊர எழுப்பி வுட்டேன். நீ வாய மூடிக்கினு துன்னு."

முதல் வாய்தாவுக்குச் செங்கமலம் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். மாங்காய்ப் பச்சைக்கு அரக்கு பார்டர். உறவுக்காரர் கல்யாணத்துக்கு எடுத்தது, அந்தக் கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் கிளம்பவில்லை. பெட்டி கேஸ்காரர்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். டவாலி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். போனவர்கள் கையைக் கட்டி, தலை குனிந்து, "ஒத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ரேஷன் கடை வரிசை இத்தனை வேகமாகப் போய் யாரும் பார்த்ததில்லை.

"செங்கமலம்!"

"வந்தேன்!" இந்தப் பதில் வராந்தா தாண்டி மரத்தடிவரை கேட்டது.

நீதிபதி நடுவயதுப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பொதுமக்களுக்குத் தொல்லை தர்ற மாதிரி ஸ்பீக்கர் வச்சு சத்தம் போட்டதா கேஸ். ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கலம்மா."

வரிசை நின்றுவிட்டது. எழுதிக்கொண்டிருந்த கிளார்க் அடுத்த பெயருக்கு ஃபைன் எழுதப் போன பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார். பின்னால் நின்ற குடிகாரர் ஒருவர், இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறதே என்று யோசிக்க ஆரம்பித்தது முகத்திலேயே தெரிந்தது. குழந்தைவேல் மெதுவாக, "யக்கா, யக்கா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்துக்கலன்னா விசாரணை நடக்கும். சாட்சி வரும். நீங்க திரும்ப வரணும்."

"வரேம்மா. எத்தினி வாட்டி கூப்ட்டாலும் வரேன். சத்தம் போட்டது வாஸ்தவம். தொல்லன்னு சொன்னா அது பொய்யி."

நீதிபதி எதுவோ எழுதினார். வாய்தா கொடுத்தார். செங்கமலம் தலை நிமிர்ந்து வெளியே வந்தாள். வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அதைக் கொளஞ்சிநாதன் மட்டும்தான் பார்த்தார். அவர் இதுவரை வெளியே சொன்னதில்லை.

சாட்சி சொல்ல பிளாக்கில் அரை டஜன் பெண்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொன்னபோது எல்லோருக்கும் வாயில் இடியாப்பம் இருந்தது. நாள் நெருங்க நெருங்க ஒருத்திக்கு மாமியார் வந்துவிட்டார், ஒருத்திக்கு மாமியார் போய்விட்டார், ஒருத்தி வீட்டில் கோர்ட்டுப் படி ஏறினால் ஆகாதாம். "போங்கடி, நானே பேசிக்கறேன்," என்று செங்கமலம் சொல்லிவிட்டாள். பேசுவதற்கு அவளுக்குத் துணை தேவைப்பட்டதாக ஞாபகம் உள்ளவர்கள் யாருமில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தச் சங்கதி நடந்தது.

ட்ரெயினிங் பிரிவில் லீவில் போனவர் திரும்பி வந்துவிட்டார். வரமாட்டார் என்று பாலகுமாருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பாலகுமார் மறுபடியும் ஷிஃப்டுக்குப் போனார், அதுவும் முதல் ஷிஃப்ட். வாக்கிங் ஷூ கட்டிலுக்கு அடியில் போயிற்று. இங்கிலீஷ் பேப்பர் நின்றது. கைபேசியில் அலாரம் வைத்துப் பார்த்தார். தூக்கத்திலேயே அதை அணைக்கிற கலை அவருக்குக் கைவந்தது. சங்கீதாவைக் கேட்டதற்கு, "ஊரை எழுப்பிவிட ஒரு ஆள் இருந்தாங்க. அவங்க மேலே கேஸ் இருக்கு. என் மேலேயும் போடப்போறீங்களா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஒருநாள் விடியற்காலை செங்கமலம் ஓசைப்படாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். எதிரே ஷிஃப்ட் பஸ் கிளம்பிப் போனது. அதன் பின்னால் ஒருவர், ஒரு கையில் ஷூவும் இன்னொரு கையில் டிஃபன் பையுமாக, சட்டைப் பொத்தான் ஏறுமாறாக, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார். பஸ் நிற்கவில்லை. அவர் நின்றார். திரும்பினார். பார்த்தால், பொதுமக்கள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கமலத்துக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது.

"இன்னா சார், வாக்கிங்கா?"

பாலகுமாருக்கு மூச்சு வாங்கியது. "மூணாவது தடவை. இன்னிக்கும் லேட்டுன்னா மெமோ கொடுப்பாங்க," என்றார் தரையைப் பார்த்து.

செங்கமலம் டப்பாவைத் தூக்கி முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டாள். "ஏறு சார்."

கேஸ் போட்டவரும் கேஸில் மாட்டியவளும் ஒரே எக்ஸெலில் போன அந்தக் காட்சியை, தேங்காய்ப்பால் தூக்கு மட்டும்தான் கிட்டே இருந்து பார்த்தது. தூக்கைப் பாலகுமார் மடியில் வைத்து இரு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். பஸ்ஸை அடுத்த பிளாக் நிறுத்தத்தில் பிடித்தார்கள். இறங்கியதும் சொன்னார்: "இது... யாருக்கும் சொல்ல வேணாம். சங்கீதாவுக்குக்கூட."

"இந்தத் தேங்காப்பாலு மேல ஆணையா சொல்லமாட்டேன்."

செங்கமலத்தின் வாயில் ஒரு ரகசியம் ஒரு நாள் தங்கியதில்லை. இது தங்கியது. பெரிய மனசு என்று சொன்னால் கொஞ்சம்தான் சரி. வாடிக்கைக்காரர் மானத்தைத் தெருவில் போட்டால் நாளைக்கு யார் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. பாலகுமார் வாடிக்கையை நிறுத்தியிருந்தார். சங்கீதா நிறுத்தவில்லை. பின்பக்க கேட்டில் நின்று தினமும் வாங்கிக்கொண்டிருந்தாள். 'காலையில் எழுந்து நானே பிழிந்தேன்' என்று அவள் பரிமாறியதைப் பாலகுமார் நம்பித் தின்றுகொண்டிருந்தார். ஆக, அந்த வீட்டு ரகசியங்களில் ஆளுக்கொன்று செங்கமலத்திடம் அடகில் இருந்தது.

விசாரணை நாள். மறுபடியும் அதே மாங்காய்ப் பச்சைப் புடவை. பாலகுமார் லீவு எடுத்துக்கொண்டு சங்கீதாவோடு வந்திருந்தார். மேசை மேல் ஸ்பீக்கர், கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டி, குளிப்பாட்டாத குழந்தை மாதிரி தூசியோடு இருந்தது.

"எவ்வளவு சத்தம்னு பார்க்கலாம். போடுங்க," என்றார் நீதிபதி.

குழந்தைவேல் அமுக்கினார். செத்துக் கிடந்தது. மாதக்கணக்காகச் சார்ஜ் இல்லை. கிளார்க் தன் கைபேசி சார்ஜரைக் கழற்றி அதற்குக் கொடுத்தார். வேறு ஒரு கேஸ் நடந்து முடிகிறவரை செங்கமலத்தின் குரல் கோர்ட்டுச் செலவில் சார்ஜ் ஏறியது. பிறகு மறுபடியும் அமுக்கினார்கள்.

"இடியாப்பம்... சூடான இடியாப்பம்..."

ஏட்டின் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்ப் பாதியில் நின்றது. "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு போறவங்க எழுந்துக்குங்க" என்ற இடம் வந்ததும், பின்வரிசையில் வேறு கேஸுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விருட்டென்று எழுந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் துழாவினார். அப்போதுதான் வந்தது, "ஏமே, என் சட்ட எங்க வெச்ச?"

கோர்ட்டு சிரித்தது. நீதிபதி மேசையை ஒரு தட்டு தட்டினார். "யார் அது, சட்டையைக் கேக்கிறது?"

கொளஞ்சிநாதன் பின்னால் எழுந்து நின்றார். "நான்தாம்மா."

"கிடைச்சுதா?"

"மூஞ்சிக்கு நேராவே இருந்துதும்மா."

நீதிபதி தண்ணீர் குடிக்கிற சாக்கில் தம்ளரால் வாயை மறைத்துக்கொண்டார்.

பாலகுமார் கூண்டில் ஏறினார். உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார். விடியற்காலைத் தூக்கம் கெடுகிறது, உடம்பு கெடுகிறது, அமைதியான குடியிருப்புப் பகுதி என்றெல்லாம் சொன்னார். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. கண் மட்டும் ஸ்பீக்கரைவிட்டு நகரவில்லை. பசித்தவர் டப்பாவைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்று செங்கமலத்திடம் திரும்பினார் நீதிபதி.

இருந்தது. நாக்கு நுனியில், தேங்காய்ப்பால் சொட்டச் சொட்ட இருந்தது. அன்னிக்கு என் வண்டியில ஏறினது யாரு சார் என்று ஒரு வரி. கேட்டால் கேஸ் அங்கேயே முடிந்தது. செங்கமலம் வாயைத் திறந்தாள். கூண்டில் நின்ற பாலகுமார் கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசையில் சங்கீதா புருஷனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திறந்த வாயைச் செங்கமலம் ஒரு தடவை மூடினாள். அதைப் பார்த்துக் கொளஞ்சிநாதனே பயந்துவிட்டார்.

"ரெண்டே ரெண்டு கேக்கறேன் சார். இப்ப நீங்க எந்த ஷிஃப்ட்டு?"

பாலகுமார் கண்ணைத் திறந்தார். "ஃபர்ஸ்ட்... ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்."

"இப்ப ஒங்கள யாரு சார் எழுப்பி வுடறாங்க?"

அவ்வளவுதான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாலகுமார் நீதிபதியைப் பார்த்தார், சங்கீதாவைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார்.

"யாரும் இல்லம்மா," என்றார். பிறகு மடை உடைந்தது. "மூணு தடவை பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டேன். மூணாவது தடவை இந்தம்மாதான் அவங்க வண்டியில ஏத்திட்டுப் போய் பஸ்ஸைப் பிடிச்சுக் கொடுத்தாங்க. நான்தான் யாருக்கும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன். ஜெனரல் ஷிஃப்ட்ல இருந்தப்போ தொல்லையாத்தான் இருந்தது. அது நிஜம். இப்ப..."

"இப்ப?"

"இப்ப அந்த ஸ்பீக்கர் வேணும்மா."

சங்கீதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

"வேற சாட்சி யாராவது?" என்று நீதிபதி கேட்க, குழந்தைவேல், "பொதுமக்கள் வேற யாரும் வரலைங்கம்மா," என்றார். குரலில் ஒரு நிம்மதி.

"பொதுமக்களுக்குத் தொல்லைன்னு கேஸ். வந்திருக்கிற பொதுமக்கள் ஒரே ஒருத்தர். அவரும் ஷிஃப்ட் மாறினதும் மனசு மாறிட்டார்," என்றார் நீதிபதி. குற்றம் நிரூபணம் ஆகவில்லை, விடுதலை. பொருளைத் திருப்பித் தர வேண்டும். செங்கமலம் கும்பிடுவதற்குக் கையைத் தூக்குகிறபோது அவர் ஒரு விரலை நீட்டினார். "ஆனா, நானும் இப்ப கேட்டேன். சத்தம் ரொம்ப அதிகம். ஸ்பீக்கரைப் பாதிக்கு மேல வைக்கக் கூடாது. ஒத்துக்கிறீங்களா?"

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள். பாதி என்றால் எந்தப் பாதி என்று கேட்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கொளஞ்சிநாதன் பின்னாலிருந்து கும்பிடுகிற மாதிரி ஏதோ சைகை செய்தார்.

"இது நாயம். இத ஒத்துக்கறேம்மா."

மறுநாள் விடியற்காலை இருபத்தோராம் பிளாக்குக்குள் குரல் திரும்பி வந்தது. அளவாக, கோர்ட்டு சொன்ன பாதியில். தட்டுகள் வெளியே வந்தன. சட்டை வரிக்கு ஒரு வீட்டில் கைகூடத் தட்டினார்களாம். ஆனால் பாலகுமாரின் படுக்கையறை பின்பக்கம். பாதிச் சத்தம் அதுவரை போகவில்லை. அவர் அரக்கப்பரக்க ஓடிவந்தபோது பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. எப்படியோ தொற்றிக்கொண்டார்.

அன்று மத்தியானம் மந்தாரக்குப்பத்துக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"நம்ம வீட்டு வாசல்ல மட்டும் கொஞ்சம் ஏத்தி வைக்கக் கூடாதா?"

"கோர்ட்டு உத்தரவு சார். மீற முடியுமா?" செங்கமலம் மாவு சலிப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம் பொதுமக்கள் யாராவது கேஸு போட்டுடுவாங்க."

பாலகுமார் முகம் விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"கோர்ட்டு ஸ்பீக்கரத்தான சார் கொறைக்கச் சொல்லிச்சி? என் தொண்டைய ஒண்ணும் சொல்லலியே. ஒனக்குச் சம்மதமா? வாயால சொல்லு."

"சம்மதம்."

"சாட்சி வெச்சிக்கினு சொல்லு. யோவ், இங்க வா!"

கொளஞ்சிநாதன் வந்து சாட்சியாக நின்றார். கையில் தட்டு. தட்டில் சோறு.

அடுத்த நாள் பாலகுமார் வீட்டு வாசலில் எக்ஸெல் நின்றது. செங்கமலம் ஸ்பீக்கரை மரியாதையாக அணைத்தாள். இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, பின்பக்கப் படுக்கையறையைக் குறிபார்த்தாள்.

"பாலகுமாரு சாஆஆர்! பஸ்சூஊஊ!"

பிளாக் முழுக்க விளக்கு எரிந்தது.

யாரும் புகார் கொடுக்கவில்லை.